ஓரத்தை எங்கே இருட்டாக்குவது?

ராஜபாளையத்துக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நீர்காத்த அய்யனார் கோவிலை ஒட்டி ஓடும் ஆற்றங்கரையில் படம் எடுப்பவருக்கு முதல் சிக்கல் வெளிச்சம்தான். வெயில் ஏறிவிட்டால் மரக்கிளைகளின் இடுக்குகளில் வானம் வெள்ளை வெள்ளையாகத் தெறிக்கும். ஈரப் பாறைகளும் இலைகளும் பளபளக்கும். எடுக்க நினைத்த ஓடைத் திருப்பமோ வேர்ப்பின்னலோ நிழலுக்குள் கிடக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தின் நடுவில் இருப்பது மங்கலாகவும், ஓரத்தில் வேண்டாதது வெளிச்சமாகவும் இருக்கும். பார்ப்பவரின் கண் பொதுவாக வெளிச்சத்தையும் அழுத்தமான வேறுபாட்டையும் தேடிப் போவதால், இப்படிப்பட்ட படம் நடுவில் நிற்காமல் விளிம்பு வழியாக நழுவிவிடும். இதற்கு மருந்தாகப் பல காலமாகச் சொல்லப்படுவது விக்னெட், அதாவது ஓரங்களைப் படிப்படியாக இருட்டாக்கி நடுவை எழச்செய்வது. அதை லென்ஸின் முன்னே ஃபில்டர் மாட்டிப் படம் எடுக்கும்போதே செய்துவிடுவதா, எடுத்த பிறகு படத்தின் மேல் செய்வதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. ஓரத்தை இருட்டாக்குவது நல்ல முறை, நெடுங்காலமாக நிலைத்த முறை. ஆனால் நடு தெளிந்து விளிம்பு கறுத்த வட்ட ஃபில்டர் அதற்கு உரிய கருவி அல்ல என்பது என் முடிவு. அதற்கான காரணங்கள் ரசனையைவிட ஒளியியலிலும் படம் உருவாகும் வழியிலும் இருக்கின்றன.

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய வேலைமுறையே இதற்கு முதல் சான்று. நம் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படங்களில், மார்பளவு உருவம் கீழே போகப்போக வெண்மையில் கரைந்து மறைவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் அது காமிராவில் செய்யப்பட்டதல்ல, இருட்டறையில் செய்யப்பட்டது. பெரிதாக்கும் கருவிக்கும் தாளுக்கும் நடுவே, முட்டை வடிவில் துளையிட்டு விளிம்பை ரம்பப் பல் போல வெட்டிய அட்டை ஒன்றைப் பிடித்து, ஒளி விழும் நேரம் முழுக்க அதை லேசாக அசைத்துக்கொண்டே இருப்பார்கள். அட்டை மறைத்த இடத்தில் தாளுக்கு ஒளி போகாது, அங்கே தாளின் வெள்ளை அப்படியே நிற்கும். ஓரம் கறுப்பாக வேண்டுமென்றால் வேலை தலைகீழ். முதலில் முழுப் படத்துக்கும் ஒளி கொடுத்து, பிறகு நடுவை அட்டையால் மறைத்து ஓரத்துக்கு மட்டும் இன்னும் சில விநாடிகள் கொடுக்க வேண்டும். இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: நெகட்டிவ் முழுமையாகவே இருந்தது. அதே நெகட்டிவிலிருந்து ஒரு பிரதியை வெள்ளை ஓரத்தோடும், இன்னொன்றைக் கறுத்த ஓரத்தோடும், மூன்றாவதை எந்த ஓரமும் இல்லாமலும் வாடிக்கையாளருக்குத் தர முடிந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களையும் நெகட்டிவ்களையும் மின்னணுப் பதிவாக்கிப் பாதுகாத்திருக்கிறது. அந்தச் சேமிப்புக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு ஒரு காரணம், பிரதியில் என்ன அலங்காரம் செய்திருந்தாலும் நெகட்டிவ் எல்லாவற்றையும் வைத்திருந்ததுதான்.

லென்ஸ் முன்னால் மாட்டும் ஃபில்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை நெருங்கிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். ஃபில்டர் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் அதன் உருவம் ஒருபோதும் ஃபோகஸில் விழாது. விளிம்பின் கறுப்பு படத்தின் ஓரத்தில் போய்ச் சேருமா என்பது, படத்தின் ஓரத்துக்கு வரும் ஒளிக்கற்றையும் நடுவுக்கு வரும் ஒளிக்கற்றையும் அந்தக் கண்ணாடியில் வெவ்வேறு இடங்கள் வழியாக நுழைகின்றனவா என்பதைப் பொறுத்தது. 24 மி.மீ. அகலக்கோண லென்ஸை எஃப் 8-இல் வைத்தால் ஒளி நுழையும் வாயிலின் விட்டம் வெறும் 3 மி.மீ. ஓரத்துக்குப் போகும் ஒல்லியான கற்றை கண்ணாடியின் விளிம்புப் பக்கமாக வரும், நடுவுக்குப் போகும் கற்றை மையத்தின் வழியே வரும். அங்கே ஃபில்டர் சொன்ன வேலையைச் செய்யும். அதையே எஃப் 16-க்குக் குறைத்தால் வாயில் 1.5 மி.மீ. ஆகி, மென்மையாக இருந்த இருட்டு கூர்மையான கறுப்பு வளையமாக மாறிவிடும். எஃப் 2.8-க்குத் திறந்தால் இருட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் பரவிப்போகும். ஒரே ஃபில்டர், ஒரே லென்ஸ், ஆனால் துளையை மாற்றும்போதெல்லாம் விளைவும் மாறுகிறது. இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. பெரும்பாலான டிஎஸ்எல்ஆர் காமிராக்களின் வியூஃபைண்டர் முழுத் திறப்பில்தான் காட்சியைக் காட்டும், பலவற்றில் சட்டகத்தின் கடைசி ஓரம் தெரியவும் தெரியாது. எடுத்த பிறகே வளையம் கண்ணில் படும்.

நீண்ட லென்ஸில் நிலைமை இன்னும் மோசம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. அந்தக் காட்டின் செண்பகத்தோப்புப் பக்கம் போகிறவர்கள் எடுக்க ஆசைப்படும் அந்த அணில் தரைக்கு அதிகம் வருவதில்லை. ஒன்றையொன்று தொடும் உச்சிக்கிளைகளில் ஓடித் திரியும். கீழிருந்து நிமிர்ந்து எடுக்கும்போது அதன் உடல் நிழலில், சுற்றிலும் வானம் வெள்ளையாக இருக்கும். ஓரத்தை அடக்க வேண்டும் என்று தோன்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால் 400 மி.மீ. லென்ஸில் எஃப் 5.6-க்கு வாயிலின் விட்டம் 71 மி.மீ. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறக்குறைய முழுக் கண்ணாடியின் வழியாகவும் ஒளி வருகிறது. அதன் முன்னால் நடுவில் 40 மி.மீ. மட்டும் தெளிவாக விட்ட ஃபில்டரை மாட்டினால், ஓரம் மட்டும் இருண்டுவிடாது. பெருமளவுக்கு லென்ஸே எஃப் 10 ஆகச் சுருங்கும். ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஸ்டாப் ஒளி (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) எல்லா இடத்திலும் போய்விடும். 1/500 விநாடியில் எடுத்திருக்க வேண்டிய படத்தை 1/160-க்கு இறக்க வேண்டும், அல்லது ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும். கிளைக்குக் கிளை தாவும் விலங்குக்கு அது கலங்கிய படம் என்றே பொருள். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், ஃபில்டரின் அட்டைப் பெட்டியிலும் இருக்காது.

லென்ஸ் தானாகவே ஓரத்தை இருட்டாக்கும் என்பதையும், ஒளியியலார் தலைமுறை தலைமுறையாக அதை எதிர்த்தே உழைத்தார்கள் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். சாய்வாக வரும் ஒளி, சாய்கோணத்தின் கோசைனின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும் என்பது பழைய கணக்கு. 45 பாகையில் அது கால் பங்காக, அதாவது இரண்டு ஸ்டாப் குறைவாக ஆகிறது. 35 மி.மீ. முழுச் சட்டகத்தில் 50 மி.மீ. லென்ஸின் மூலைக்கு இக்கணக்குப்படி அரை ஸ்டாப் குறையும்; 24 மி.மீ. லென்ஸுக்கு ஒன்றே முக்கால் ஸ்டாப் அளவுக்குக் குறைய வேண்டும், இன்றைய வடிவமைப்புகள் அதில் ஒரு பகுதியை மீட்டுத் தருகின்றன. 1900-இல் ஜெர்மனியின் கோர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஹைபர்கோன் என்ற மிக அகலமான லென்ஸில், நடுவின் ஒளியைக் குறைப்பதற்காக நட்சத்திர வடிவச் சக்கரம் ஒன்றைக் காற்றால் ஊதிச் சுழற்றினார்கள். பின்னாளில் அதே வேலைக்கு நடு கறுத்து விளிம்பு தெளிந்த ஃபில்டர்கள் வந்தன, பெரிய காமிராக்களின் அகலக்கோண லென்ஸ்களுக்கு இன்றும் அவை உண்டு. ஏன் இவ்வளவு பாடு? ஆவணத்துக்கு எங்கும் சமமான ஒளி வேண்டும் என்பதால்தான். லின்னேயஸ் ட்ரைப் என்ற ஒளிப்படக்காரர் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். அப்படி ஒட்டும் படங்களில் ஓரம் இருண்டால் ஒவ்வொரு ஒட்டும் பல் இளிக்கும். கல்வெட்டு, சிற்பம், சுவரோவியம், மூலிகைச் செடி என எதைப் பதிவு செய்யப் போனாலும் ஓர இருட்டு குற்றமே, அங்கே அதற்கு வாதமே இல்லை.

அப்படியானால் ஓரம் கறுக்கும் ஃபில்டர்களை ஏன் ஒரு காலத்தில் அறிவுள்ளவர்கள் விரும்பிப் பயன்படுத்தினார்கள்? இதற்கு நேர்மையான விடை உண்டு. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஜான் கோகான் உருவாக்கிய சதுரக் கண்ணாடிச் சட்ட முறை 1978-இல் கோகின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்து உலகெங்கும் பரவியது. பத்திரிகைகள் வண்ணப் படங்களை ஸ்லைடாகக் கேட்ட காலம் அது. ஸ்லைடில் இருட்டறை வேலை என்ற ஒன்று இல்லை, ஷட்டர் மூடிய கணத்தில் படம் முடிந்துவிட்டது. 1990-இல் வந்த ஃபியூஜி வெல்வியா போன்ற ஃபிலிம் ஏறக்குறைய ஐந்து ஸ்டாப் வேறுபாட்டைத்தான் தாங்கும். வானம் அந்த எல்லைக்கு மேல் போனால் வெறும் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். அன்று ஓரத்தை அடக்க விரும்பியவருக்குக் காமிராவின் முன்பக்கத்தைத் தவிர வேறு இடம் இல்லை. அந்தக் கருவிகளைப் பழிப்பது என் நோக்கமில்லை. அவை தோன்றிய தேவை மறைந்துவிட்டது என்பதுதான் நான் சொல்வது. நெகட்டிவ் வைத்திருந்த தமிழ் ஸ்டுடியோக்காரருக்கு அந்தத் தேவை முன்பே இல்லை, சென்சார் பதிந்ததை மாற்றாமல் சேமிக்கும் ரா கோப்பு வைத்திருக்கும் இன்றைய பிள்ளைகளுக்கும் இல்லை. நடுவில் வந்த ஸ்லைடு காலத்தின் பழக்கத்தை நிரந்தர விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு வழிகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, ஒன்றைத் திரும்பப் பெற முடியாது என்பது. எடுத்தபின் ஓரத்தை இருட்டாக்கினால், பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடலாம். ஃபில்டரால் இருட்டாக்கிய ஓரத்தை இரண்டு ஸ்டாப் மீட்க வேண்டுமென்றால் அங்கே பதிந்த சமிக்ஞையை நான்கு மடங்கு பெருக்க வேண்டும். நிழலில் கிடந்த இலைகளோடு மணல் தூவியது போன்ற நாய்ஸும் பெருகும். அடுத்தது வடிவம். லென்ஸ் முன்னால் இருக்கும் வட்டம் எப்போதும் சட்டகத்தின் மையத்தைத்தான் சுற்றும். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் 11 நிலை ராஜகோபுரத்தை வீதியில் நின்று நெடுக்காக எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கோபுரம் அடி முதல் முடி வரை சட்டகத்தை நிரப்பும். அடக்க வேண்டிய வானம் இரண்டு பக்கமும் இருக்கிறது. வட்ட ஃபில்டரோ வானத்தோடு சேர்த்துக் கலசங்களையும் வாசலையும் இருட்டாக்கிவிடும், கண் போய் நிற்க வேண்டிய முடியே மங்கிப்போகும். பிறகு அந்தப் படம் ஒரு பத்திரிகையில் சதுரமாகவும் கைபேசியில் நெட்டையாகவும் வெட்டப்படும்போது வட்டத்தின் மையம் ஒரு பக்கம் தள்ளிப்போய், இடது ஓரம் கறுத்தும் வலது ஓரம் வெளுத்தும் நிற்கும். லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் வெட்டிய பிறகு ஓரத்தைக் கணக்கிடும் விக்னெட் தனியாக இருப்பது இதற்காகத்தான். காமிராவின் மீட்டரும் ஏமாறும். ஓரங்கள் கறுத்திருப்பதைக் கண்டு காட்சியே இருட்டு என்று கணக்கிட்டு எக்ஸ்போஷரை ஏற்றிவிடும், காப்பாற்ற நினைத்த நடு வெளுத்துப்போகும்.

எதிர்வாதங்களில் வலுவானது நேர்மை பற்றியது. எடுக்கும்போதே செய்தது ஒளிப்படம், பிறகு செய்தது கணினி வேலை என்று பலர் உள்ளூர நம்புகிறார்கள். ஆடிப்பூரத் தேரோட்டத்தைச் செய்திக்காக எடுப்பவர் வரை இந்த நம்பிக்கை இருக்கிறது. இதைச் சற்று ஆராய்ந்தால் எதிர்ப்பக்கமே பலம் கூடுகிறது. உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியில் 2013-இல் முதற்பரிசு பெற்ற பால் ஹான்சனின் காஸா இறுதி ஊர்வலப் படம், வண்ணமும் ஒளியும் மிகையாகத் திருத்தப்பட்டதாகச் சர்ச்சைக்குள்ளானது. வல்லுநர்கள் மூலக் கோப்பை ஒப்பிட்டு அது ஒட்டுவேலை அல்ல என்று சொன்னார்கள். அந்தச் சோதனை சாத்தியமானதற்குக் காரணம், திருத்தத்துக்கு முந்திய ரா கோப்பு கையில் இருந்ததே. ஓரத்தில் நின்ற கூட்டத்தை ஃபில்டரால் இருட்டுக்குள் தள்ளிவிட்டு ஒருவர் படம் எடுத்திருந்தால், ரா கோப்பிலேயே அந்தக் கூட்டம் இருட்டில்தான் இருக்கும். எந்த நடுவர் கேட்டாலும் ஒப்பிட மூலம் இருக்காது. ஆக, திருத்தத்தை மறைக்க இடம் தருவது ஃபில்டர், திருத்தத்தைக் கணக்கில் காட்டுவது பிந்தைய வேலை. செய்திப் படத்தில் இரண்டையும் தவிர்ப்பதே முறை. ஆனால் நேர்மையின் பேரில் ஃபில்டரைத் தூக்கிப் பிடிக்க முடியாது.

இன்னொரு வாதம் திரைக்கலையிலிருந்து வருகிறது. 2007-இல் வெளிவந்த ஜெஸ்ஸி ஜேம்ஸ் பற்றிய ஹாலிவுட் படத்தில் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் சில காட்சிகளுக்காக மாற்றியமைத்த லென்ஸ்களைப் பயன்படுத்தி, ஓரங்கள் கலங்கி இருளும்படி எடுத்தார். பழைய புகைப்படத்தைப் பார்ப்பது போன்ற உணர்வு அதில் வந்தது. அது பொறுக்கியெடுத்த சில இடங்களுக்காகச் செய்தது. இருட்டோடு ஓரத்தின் கூர்மையும் நிறமும் சேர்ந்து குலைந்ததால்தான் அந்த உணர்வே வந்தது. வெறும் கறுப்பு வளையம் அதைத் தராது. நம் ஊரில் பி. சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த ‘நாயகன்’ (1987) படத்தை எடுத்துக்கொண்டால், முகத்தைச் சுற்றிய இருள் விளக்கு எங்கே வைக்கப்பட்டது, எங்கே வைக்கப்படவில்லை என்பதால் வந்தது. ஆளுக்கும் அறைக்கும் ஏற்ப அந்த இருள் வடிவம் மாறும். திறமையான இருட்டெல்லாம் காட்சியின் வடிவத்தைப் பின்பற்றுவதை இதில் காணலாம்.

ஒரு வாதத்தை மட்டும் நான் ஏற்கிறேன். சென்சாரின் எல்லையைத் தாண்டி வெளுத்துவிட்ட வானத்தைப் பிறகு இருட்டாக்கினால் சாம்பல் பூசிய சுவர் போல இருக்கும். இல்லாத விவரத்தை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. எட்டு பிட் வீடியோவிலும் இதே நிலை: 256 படிகளுக்குள் அடங்கிய வானத்தைப் பிறகு மெல்ல இருட்டாக்கினால் வளையம் வளையமாகக் கோடு தெரியும். கல்யாண வீடியோக்காரர்கள் நூற்றுக்கணக்கான துண்டுகளை உட்கார்ந்து திருத்த முடியாது என்பதும் உண்மைதான். ஆகவே ஒளி காமிராவுக்குள் போகும் முன்பே சில இடங்களில் அடக்கப்பட வேண்டும். ஆனால் அதற்கும் வட்ட ஃபில்டர் சரிப்படாது. அய்யனார் கோவில் ஆற்றில் வெளுப்பது வட்டமான ஓரம் அல்ல. அங்கே ஓர் இடுக்கு, இங்கே ஒரு பாறை, மேலே ஒரு திறப்பு என்று அது சிதறிக் கிடக்கிறது. மேலே திறப்பு நீளமாக இருந்தால் பாதி கறுத்த சதுர கிராஜுவேட்டட் ஃபில்டரைச் சட்டத்தில் ஏற்றி இறக்கி அந்தக் கோட்டுக்கு நிறுத்தலாம். அது நேரான எல்லைக்கு ஏற்ற கருவி, மரக்கிளை குறுக்கே வந்தால் கிளையும் கறுக்கும் என்பதையும் தெரிந்தே பயன்படுத்த வேண்டும்.

அந்த ஆற்றில் உண்மையில் கைகொடுக்கும் கண்ணாடி போலரைசர். ஓரத்தில் கண்ணை இழுப்பவற்றில் பெரும்பகுதி ஈரப் பாறையிலும் இலையிலும் பட்டுத் திரும்பும் பளபளப்பு. நீர்ப்பரப்பில் செங்குத்திலிருந்து சுமார் 53 பாகைச் சாய்வில் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிரும். போலரைசரைச் சுழற்றி அந்தத் தளத்தை மறித்தால் பளபளப்பு மட்டும் விலகி, அடியில் இருக்கும் கூழாங்கல்லும் இலையின் பச்சையும் வெளிப்படும். வேறு இடங்களில் ஒளி ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை குறையுமே தவிர வடிவம் எதுவும் திணிக்கப்படாது. பிந்தைய திருத்தத்தால் இதைச் செய்யவே முடியாது, பளபளப்பு மூடிய இடத்தில் கீழே இருப்பது பதிவாகியிருக்காது. அகலக்கோண லென்ஸில் யூவி ஃபில்டரைக் கழற்றாமல் அதன் மேல் தடித்த வளையமுள்ள போலரைசரை மாட்டினால் மூலைகள் கறுக்கும், ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மாட்டுவது நல்லது. மற்றபடி இரண்டு அடி நகர்ந்து நின்று வான இடுக்கை ஒரு மரத்தண்டுக்குப் பின்னால் மறைப்பதும், வெயில் ஏறும் முன் காலையிலோ மேகம் மூடிய நாளிலோ போவதும் எந்தக் கண்ணாடியைவிடவும் அதிகம் பயன் தரும். வானம் எல்லை தாண்டாதபடி எக்ஸ்போஷரைக் குறைத்து ரா கோப்பில் எடுங்கள். வீட்டுக்கு வந்தபின், எந்த ஓரம் கண்ணை இழுக்கிறதோ அந்த ஓரத்தை மட்டும், இழுப்பு நிற்கும் அளவுக்கு மட்டும் இருட்டாக்குங்கள். பார்ப்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டால் அளவு கூடிவிட்டது என்று பொருள். ஓரம் கறுக்கும் ஃபில்டருக்கு ஒதுக்கியிருந்த பணத்தில், உங்கள் லென்ஸின் அளவுக்கு நல்ல போலரைசர் ஒன்றை வாங்குங்கள்.